எட்டு வரிச் செங்கல்

செம்பாறைக்காரர்கள் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பிலோமினாவுக்கு அவர்கள்மேல் இத்தனை எரிச்சல் வந்திருக்காது. முடியாது என்று ஓர் ஊர் சொன்னால் மேல்முறையீடு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, அதற்கும் மேலே அமைச்சர் இருக்கிறார். கையில் மோரைக் கொடுத்து, "ஆகட்டும் மேடம், பங்குனித் திருவிழா மட்டும் முடிஞ்சிரட்டும்" என்று சொல்கிறவர்களை என்ன செய்ய முடியும்?

மாசியில் தொடங்கிய அலைச்சல் அது. முதல் முறை திருவிழா. இரண்டாம் முறை பிள்ளைகளுக்குப் பரீட்சை. மூன்றாம் முறை மீன்பிடித் தடைக்காலம், பாதி ஆண்கள் ஊரில் இல்லை. நான்காம் முறை பஞ்சாயத்துத் தலைவி தங்கபுஷ்பத்தின் தம்பிக்குக் கல்யாணம். ஐந்தாம் முறை அதே தம்பியின் புது மாமனார் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம். ஆறாம் முறை தலைவிக்குக் கண்ணில் கட்டி. ஏழாம் முறை தலைவி ஊரிலேயே இல்லை என்றார்கள். அவள் செருப்பு வாசலில்தான் கிடந்தது. பிலோமினா அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அவள் நிலத்தட்டு மேலாண்மைக் கழகத்தில் முதுநிலைப் பொறியாளர். ஊர் வாயில் அதற்கு 'உலுக்கு ஆபீஸ்' என்று பெயர். உலுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை என்று அவளும் இருபது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள், பெயர் மாறவில்லை. அந்தமானுக்கு மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு நகர்ந்து வந்து, இந்தத் தீவுகள் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது. அதற்கும் கீழே பாறையே சூட்டில் இளகி, வருடத்துக்கு விரற்கடை அளவு ஊர்கிறது. தட்டு ஒழுங்காக வழுக்கிக்கொண்டு போனால் யாருக்கும் தொல்லையில்லை. சில இடங்களில் சிக்கிக்கொள்ளும். நூறு வருடம் சிக்கிக் கிடந்து ஒருநாள் படாரென்று விட்டால், வங்கக் கடலின் எல்லாக் கரைகளிலும் பிணம் எண்ண வேண்டியதுதான்.

அப்படி விடுவதற்கு முன்பே, சிக்கிய இடம்வரை ஆழமாகத் துளையிட்டு, அழுத்தத்தோடு வெந்நீரைச் செலுத்தி, மூன்று நாளில் மெதுவாக நழுவ விடலாம் என்று கண்டுபிடித்துப் பதினைந்து வருடமாகிறது. டம்ளரில் இருக்கும் தண்ணீர்கூடத் தளும்பாது. ஒரே ஒரு சங்கடம், சிக்கலால் எழும்பி நின்ற நிலம் நழுவும்போது இறங்கும். இறங்கப் போகிற ஊர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் குழாயைத் திறக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம்தான். போட்டவர்கள் யாரும் செம்பாறைக்குப் போனதில்லை.

எட்டாவது முறை கிளம்பிய வெள்ளிக்கிழமை காலை, ஜீப்பை ஓட்டிய ஹபீப் நல்ல சேதி ஏதும் சொல்லவில்லை. கழகத்தில் அவளோடு பதினெட்டு வருடமாக இருக்கும் தொழில்நுட்பர் அவர்.

"துளையிடுற கப்பல்காரங்க போன் பண்ணாங்க மேடம். ஆகஸ்ட் பதினேழு நங்கூரத்தை எடுத்துருவாங்களாம். ஆறு வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாங்களாம்."

"மாசியில வந்த கப்பல் ஹபீப். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

"ஆறு வருஷம் இந்தச் சிக்கல் தாங்குமா?"

"கணக்கு மூணு வருஷம்ங்குது. கணக்குத்தானே, நாளைக்கே விட்டாலும் விடும். சென்னை, நாகப்பட்டினம், திருகோணமலை, அந்தப் பக்கம் பர்மா. எல்லாம் இந்த இருநூத்திப் பன்னெண்டு வீட்டுக்காரங்க கையில." அவள் பையிலிருந்து வயிற்றெரிச்சல் மாத்திரையை எடுத்து மென்றாள். "இன்னிக்கு என்ன சாக்கு வச்சிருக்காங்களோ."

"இன்னிக்கு ஆடி ரெண்டாம் வெள்ளி மேடம்."

"போச்சு" என்றாள் பிலோமினா.

சமுதாயக் கூடத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் வராமல் இருந்ததே இல்லை, அதுவும் ஓர் எரிச்சல். பிலோமினா வழக்கம்போல் இரண்டு கோரைப்பாய்களைத் தரையில் விரித்தாள். செம்பாறையில் அவளுக்குப் பாய்க்கார மேடம் என்று பெயர் வைத்திருந்தது அவளுக்கும் தெரியும்.

"இது கடலுக்கு அடியில வர்ற தட்டு. இது நம்ம தட்டு. அது உள்ள போகும்போது ஓரத்துல சிக்கிக்கிட்டு நம்மளையும் சேர்த்துத் தள்ளுது. இந்த இடத்துல பாய் எழும்புது தெரியுதா? இதுதான் செம்பாறை. எட்டு வருஷத்துல உங்க நிலம் முப்பத்தாறு சென்டிமீட்டர் ஏறியிருக்கு. நாங்க முப்பதுதான் இறக்கப் போறோம். பழைய இடத்துக்கே வந்து உட்காரும், அவ்வளவுதான்."

"ஏறலை மேடம், இறங்குது" என்றாள் தங்கபுஷ்பம். நாற்பத்தைந்து வயது, கருவாட்டு வியாபாரம், குரல் எப்போதும் உயராது. பார்த்தபோதெல்லாம் இதையேதான் சொல்லியிருந்தாள். "எங்க வீட்டுக்கு மூணு வாசப்படி. ஒண்ணு மண்ணுக்குள்ள போயிருச்சு."

"மணல் சேருதும்மா."

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி தோப்புக்குள்ள தண்ணி வருது. கெணறு உப்பாப் போச்சு."

"அது கடல் ஏறுறது. உலகம் பூராவும் கடல் ஏறுது. உங்க நிலம் ஏறுறதைவிடக் கொஞ்சம் வேகமா அது ஏறுது, அதான் உங்களுக்கு இறங்குற மாதிரித் தெரியுது. எங்க கருவி சென்டிமீட்டர் சுத்தமாச் சொல்லுது. கண்ணு ஏமாத்தும், கருவி ஏமாத்தாது."

பின்னால் ஒருவர், முப்பது சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். பள்ளிக்கூட ஸ்கேல் அளவு, ஒரு அடி என்றாள் பிலோமினா. அவர் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கையை வைத்துக் காட்டி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கபுஷ்பம் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ மெதுவாகப் பேசினாள். பிறகு எழுந்து வந்து, "அந்தத் தாளைக் குடுங்க மேடம்" என்றாள்.

பிலோமினாவுக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகமாகிவிட்டது. "எந்தத் தாளை?"

"கையெழுத்துப் போடத்தான். எட்டுத் தடவை வந்துட்டீங்க. அந்தக் கரையில அத்தனை கோடி சனம் இருக்குங்கிறீங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் எங்க பிள்ளைகளைச் சும்மா விடாது. நீங்க படிச்சவங்க. ஏறுதுன்னா ஏறுதுன்னே இருக்கட்டும். நாங்க மேட்டுல போய் வீடு கட்டிக்கிறோம்."

ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்தன. கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் பிலோமினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மனிதர் இன்னும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் உறுத்தியது. அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம் என்று தாள்களைப் பையில் வைத்தாள்.

"கோயில்ல கூழ் ஊத்துறோம். ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றாள் தங்கபுஷ்பம்.

எப்போதும் கூட்டம் முடிந்ததும் ஜீப்பில் ஏறிப் போனவள், அன்றைக்குத்தான் தென்னந்தோப்பைத் தாண்டிக் கடலோரம் போனாள். கோயில் என்று கூரையெல்லாம் இல்லை. உயரமான பீடம், அதன்மேல் மஞ்சள் பூசிப் பாவாடை கட்டிய இடுப்புயரக் கல், கழுத்தில் எலுமிச்சை மாலை. கல்லின் தலையில் வட்டமாக ஓர் உலோகக் குமிழ் வெயிலில் மின்னியது. குமிழின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

பிலோமினாவின் கையில் கூழ்ச்சொம்பு அப்படியே நின்றது. "ஹபீப், இது நம்ம ஸ்டேஷன்."

செம்பாறை அளவீட்டு நிலையம், ஒன்பது வருடத்துக்கு முன் நட்டது. குமிழ்தான் உயரத்தை அளக்கும் உணர்வி. சூரியத் தகட்டில் ஓடி, தானே செய்தி அனுப்பி, ஒருநாளும் பழுதாகாமல் இருந்ததால் யாரும் அதை நேரில் போய்ப் பார்க்கவே இல்லை. கழகத்தில் எல்லாப் பார்வையும் திரையில்தான்.

முதலில் வந்தது கோபம். "இது கவர்மென்ட் கருவி. இதுக்குப் போய்ப் பாவாடை கட்டி, பொட்டு வச்சு... யாரு உங்களைத் தொடச் சொன்னது?"

"வச்சிட்டுப் போன சார்தான் சொன்னாரு" என்றாள் தங்கபுஷ்பம், குழந்தைக்குச் சொல்வதுபோல. "இந்தக் கல்லுதான் உங்க ஊரைக் காப்பாத்தப் போகுது, பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொன்னாரு. கல்லாத்தான்னு பேரு வச்சோம். பத்திரமாத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

அப்போதுதான் நான்கு ஆட்கள் ஜாக்கிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படகைப் பழுதுபார்க்கக் கரையில் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகள். பீடத்துக்கு நான்கு பக்கமும் அவற்றைக் கொடுத்து, கல்லின் அடித்தளத்தோடு சேர்த்து அசங்காமல் தூக்குவதற்கு ஆயத்தம் செய்தார்கள். பக்கத்தில் குழைத்த சிமென்ட்டும் புதுச் செங்கல்லும் இருந்தன.

"என்ன பண்றாங்க?"

"ஆத்தா காலைத் தண்ணி தொடக் கூடாதுல்ல மேடம். வருசா வருசம் ஆடி வெள்ளிக்கு ஒரு வரி செங்கல் வச்சுத் தூக்கி விடுறோம். ஒயர் பத்தாமப் போச்சுன்னு கரண்ட் வேலை பாக்குற சுடலைமுத்து நீட்டிக்கூடக் குடுத்தான்."

பிலோமினா குனிந்து பீடத்தின் பக்கவாட்டை மறைத்திருந்த துணியை விலக்கினாள். செங்கல் வரிகள் தெரிந்தன. அடியில் இருந்தவை பாசி பிடித்துக் கறுத்திருந்தன. மேலே வரவர நிறம் தெளிந்தது. எட்டு வரி. கலவையோடு சேர்த்து ஒரு வரி ஏழரை சென்டிமீட்டர். எட்டு ஏழரை அறுபது.

ஆடியில் எகிறும், பிறகு வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மறு ஆடியில் மறுபடி எகிறும். செம்பாறை வரைபடத்தின் அந்தப் பல்வரிசை அவளுக்கு மனப்பாடம். மழைநீர் பாறை இடுக்கில் புகுந்து நிலத்தை உப்ப வைக்கிறது, பிறகு வற்றி இறங்குகிறது என்பது விளக்கம். கழகத்தில் அதற்கு 'ஆராவமுதன் உப்பல்' என்று பெயர். அதை எழுதித்தான் இயக்குநர் ஆராவமுதன் முனைவர் பட்டம் வாங்கினார், அதை வைத்துத்தான் இயக்குநராகவும் ஆனார். ஒவ்வோர் ஆடியிலும் நிலையம் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பாமல் போவதைக்கூட மழைக்காலத் தடங்கல் என்று குறித்து வைத்திருந்தார்கள்.

செங்கல் தூக்கியது அறுபது. திரையில் தெரிந்தது முப்பத்தாறு. மிச்சம் இருபத்துநான்கு சென்டிமீட்டர் இந்த ஊர் இறங்கியிருக்கிறது. மூன்று வாசற்படியில் ஒன்று மண்ணுக்குள் போயிருக்கிறது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஐந்து மாதமாக இவர்கள் முன்னால் பாயை விரித்து வகுப்பெடுத்திருக்கிறாள். கண் ஏமாற்றும் என்று வேறு சொல்லியிருக்கிறாள். வெட்கத்தையும் அவளால் கோபமாகத்தான் வெளியே விட முடிந்தது.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் எதுக்குன்னு வந்து பாத்திருப்பேன்ல? அதை விட்டுட்டுத் திருவிழா, பரீட்சை, கண்ணுல கட்டி... எதுக்கு இத்தனை சாக்கு?"

"இறங்குதுன்னு சொன்னோமே மேடம். ஒவ்வொரு தடவையும் சொன்னோம். நீங்க இல்லைன்னீங்க. அதுக்கு மேல, வீடு தேடி வந்தவங்களை மூஞ்சிக்கு நேரா நீங்க சொல்றது பொய்யின்னு எப்படிச் சொல்றது? ஒரு மட்டு மரியாதை வேண்டாமா?" தங்கபுஷ்பம் அவள் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். "கூழ் ஆறுது."

பிலோமினா குடித்தாள். ஜாக்கிக்காரர்கள் அவள் உத்தரவுக்காகக் காத்து நின்றார்கள். நிறுத்தச் சொல்லத்தான் வாயெடுத்தாள். பீடத்தின் அடி வரியில் ஈரம் ஏறியிருந்தது தெரிந்தது. "வைங்க. வச்சிட்டு எவ்வளவு உசரம்னு அளந்து ஹபீப் சார்கிட்டச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஆராவமுதன் முன்னால் புகைப்படங்களை வரிசையாக வைத்தாள். அவர் நேரத்தோடு வேலைக்கு வருகிறவர், யார்மேலும் குரலை உயர்த்தாதவர், மோசமான மனிதர் இல்லை. முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் தானே கணக்குப் போட்டார். போட்டுவிட்டு மறுபடியும் போட்டார். மூன்றாம் முறை போடும்போது பென்சில் முனை உடைந்தது.

"அஞ்சு வருஷம் பிலோமினா" என்றார். "அந்த ஆய்வுக்கு நான் அஞ்சு வருஷம் உழைச்சேன்."

"தெரியும் சார்."

"செங்கல்லா அது?"

"செங்கல்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. செம்பாறை சிக்கிக்கலை. தானாவே நழுவி இறங்கிட்டிருக்கு. தட்டு வர்றது நிக்கலையே, அந்த வேகம் எங்கேயோ சேர்ந்தாகணும். எங்க சிக்கியிருக்கு?"

"நம்ம டவுனுக்கு அடியிலன்னு நினைக்கிறேன் சார். பக்கத்துல வேற இடம் இல்லை."

"என்ன பேசுறே? டவுன் கல்லு இருபது வருஷமா ஒரு முடி அசையலை."

"அது எப்படி சார் அசையும்? நம்ம ஆபீஸ் முற்றத்துல இருக்குற அந்தக் கல்லைத்தானே சுழியம்னு வச்சிருக்கோம். எல்லா ஊர் உயரத்தையும் அதை வச்சுத்தான் அளக்கிறோம். அது ஏறினா யாருக்குத் தெரியும்? மத்த ஊரெல்லாம் இறங்கின மாதிரித்தான் தெரியும். செம்பாறை இருபத்துநாலு இறங்கியிருக்குன்னு கணக்குப் போட்டேனே, அதுல பாதி நம்ம ஏறினதாக்கூட இருக்கலாம்."

ஆராவமுதன் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். அங்கே சங்கிலி வேலிக்குள் பளிங்குப் பலகையோடு அந்தக் கல் இருந்தது. அமைச்சர்கள் வந்தால் அதன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். சுழியத்தை அலுவலகத்திலேயே வைத்தால் வசதியாக இருக்கும் என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

ஜன்னலிலிருந்து திரும்பினார். "செம்பாறை கையெழுத்து வந்துடுச்சில்ல?"

"வந்துடுச்சு. ஆனா..."

"வெள்ளிக்கிழமை திறந்துரு."

"சார், சிக்காத இடத்தை எதுக்குத் திறக்கணும்?"

"கொஞ்சம் கூடுதலா நழுவும், அவ்வளவுதானே?"

"ஊர் இன்னும் ஒரு அடி முங்கிரும் சார். அந்தப் பாரம் அப்படியே டவுனுக்கு அடியில இருக்குற சிக்கல்மேல ஏறும். மூணு வருஷம்ங்கிறது மூணு மாசமாகும். கப்பல் இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. அதை இங்க கொண்டு வந்து டவுனை இறக்கலாம்."

"டவுனை ஒரு அடி இறக்க எவன் கையெழுத்துப் போடுவான்?" இப்போது அவர் குரல் உயர்ந்துவிட்டது. "துறைமுகம் முங்கும், கடற்கரைச் சாலை முங்கும், பாதி அதிகாரிங்க வீடு முங்கும். எங்க ஊரை இறக்குங்கன்னு அவங்ககிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறது? ஒரு வேலையும் செய்யாம அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பினா கழகத்தை இழுத்து மூடிருவாங்க. அப்புறம் யார் எந்தச் சிக்கலை எடுக்குறது? ஒரு ஊர் சம்மதிச்சிருக்கு. சட்டப்படி சம்மதிச்சிருக்கு. திற."

குழாயைத் திறக்கப் பிலோமினாவின் கைரேகை வேண்டும். அதற்காக அவளை மிரட்ட வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை. முடியாது என்று அவள் சொன்னால் பத்து நிமிடத்தில் ஓர் உத்தரவு அடித்து, அடுத்த பொறியாளரின் ரேகையைப் பதிந்துவிடலாம். முடியாது என்பதற்குத்தான் எல்லாவற்றிலும் வழி வைத்திருக்கிறார்களே. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அவளே அந்த வழியைச் செம்பாறைமேல் பயன்படுத்த ஐந்து மாதமாக ஏங்கியிருக்கிறாள்.

"ஆகட்டும் சார்" என்றாள் பிலோமினா. "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். தூத்துக்குடியில இருந்து அண்ணன் வர்றார். வீட்டுல ஒரு விசேஷம்."

"சரி, திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை பாக்கலாம் சார். ரெண்டு நாளா எனக்குக் கண்ணுல கட்டி மாதிரி ஏதோ வருது. மீட்டரைச் சரியாப் பார்த்துத் திறக்கணும்ல?"

"உன் கண் நல்லாத்தான் இருக்கு."

"இப்போ நல்லாத்தான் சார் இருக்கு. ஹபீபும் லீவு கேட்டிருக்கார். அவர் வந்ததும் ஒரு நல்ல நாளாப் பார்த்து வச்சுக்கலாம்."

ஆராவமுதன் அவளையே பார்த்தார். அவரும் இதே மக்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்தான். தன் அக்கா மகளுக்கு வந்த எத்தனையோ வரன்களை இப்படித்தான் தட்டிக் கழித்திருப்பார். முகம் சிவந்தது. உடைந்த பென்சிலை எடுத்தார், வைத்தார். அவள் எதையும் மறுக்கவில்லையே, என்னவென்று எழுதி அவளை இடைநீக்கம் செய்வது? பணிவாகக் கைகட்டி நிற்கிறாள். ஐந்து மாதமாக அவள் பட்ட பாடு என்னவென்று அவருக்கு அப்போது முழுசாகப் புரிந்திருக்கும்.

"போ" என்றார்.

அவள் போகும் வழியில் பதிவறையில் நுழைந்து, டவுன் வார்டுகளுக்கான வெற்றுச் சம்மதப் படிவங்களை ஒரு கட்டு எடுத்துக்கொண்டாள். அறுபத்து நான்கு தெருக்கள், பத்தொன்பது நாள். ஜெயித்துவிட்ட நினைப்பெல்லாம் அவளுக்கு இல்லை. செம்பாறை ஒரு அடி முங்கும் என்று தெரிந்தபோது, மேட்டில் வீடு கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். டவுனில் அப்படிச் சொல்ல ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்று நினைத்தாலே வயிறு எரிந்தது. மாத்திரை தீர்ந்து போயிருந்தது.

தன் தெருவிலிருந்தே தொடங்கினாள். கடலைப் பார்த்த வரிசையில் அவள் வீட்டுக்கு அடுத்தது பர்வீன் டீச்சர் வீடு. பதினாறு வருடப் பழக்கம், பெருநாளுக்குப் பிரியாணியும் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் சுவரைத் தாண்டிப் போய்வரும் பழக்கம். பாயை எடுத்துப் போகவில்லை. உள்ளே உட்கார்ந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"டீச்சர், உங்க பின்சுவர்ல தண்ணி எதுவரைக்கும் வருது?"

"தண்ணியா? அந்தத் தொல்லையெல்லாம் முந்தி மேடம். முந்தி அலை சுவர்மேலயே தெறிக்கும், துணி காயப்போட முடியாது. இப்போ கடலே இருபதடி தள்ளிப் போயிருச்சே!" பர்வீன் டீச்சர் முகமெல்லாம் மலர்ந்தது. "நீங்க ஆபீஸ் ஆபீஸ்னு ஓடுறதுல கவனிக்கலை. நாங்க தெருக்காரங்க எல்லாம் சேர்ந்து அந்த இடத்துல பேட்மின்டன் கோர்ட் போட்டிருக்கோம். மேலத்தெருவுல ரெண்டு பேரு காம்பவுண்டையே தள்ளிக் கட்டிட்டாங்க. வருசா வருசம் நமக்கு இடம் கூடிக்கிட்டே போகுது. நல்லதுதானே?"

பிலோமினா பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். சுவருக்கு வெளியே காய்ந்த மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டு வலை கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால், வெகு தள்ளி, கடல் அமைதியாக இருந்தது. திரும்பி வந்து படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டீச்சர், இப்போ நான் சொல்லப் போறது உங்களுக்குப் பிடிக்காது. இந்தத் தெருவை ஒரு அடி இறக்கணும். பதினேழாம் தேதிக்குள்ள இறக்கணும். இல்லைன்னா ஒருநாள் அதுவா இறங்கும், அன்னிக்கு நாம யாரும் இருக்க மாட்டோம். கோர்ட் போயிரும், உங்க பின்கட்டும் போயிரும், என் வீட்டுலயும் பாதி போகும். பொறுமையாக் கேட்டுட்டு, முடியாதுன்னா முடியாதுன்னே எங்கிட்டச் சொல்லிருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்."

பர்வீன் டீச்சர் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். மடித்துச் செய்தித்தாளுக்கு அடியில் வைத்தார். பிறகு பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் போய் முடியாதுன்னு சொல்வேனா மேடம்?" என்றார்.